‘திண்ணை மெழுகிற்று’: தானே மாறும் கணினித்திரை ஓவியமும் வினைமுதல் பற்றிய அறவினாவும்

1. முன்னுரை

கணினியை இயக்கியவுடன் கண்ணுக்கு முதற்கண் புலனாவது திரையின் பின்னணிப் படமாகும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் இடம்பெற்ற பசும்புல் மேட்டையும் அதன்மேல் விரிந்த நீலவானையும் அறியாத கணினிப் பயனர் அக்காலத்தில் அரியர். ‘பிளிஸ்’ எனப் பெயரிடப்பட்ட அப்படம் சார்லஸ் ஓ’ரியர் என்னும் ஒளிப்படக் கலைஞர் 1996இல் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்ததாகும். எடுத்தவர் ஒருவர், எடுத்த இடம் ஒன்று, பார்த்தவர் எண்ணிலடங்காதார்.

2022ஆம் ஆண்டிற்குப் பின்னர் இந்நிலை தலைகீழாயிற்று. சொற்குறிப்பைப் பெற்றுப் படம் ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு நாளும், விரும்பினால் ஒவ்வொரு மணியும், முந்தைய படத்திலிருந்து புதிய படம் கிளைத்து வருமாறு தம் திரைப்பின்னணியை அமைத்துக்கொள்வோர் உளர். காலையில் இளவெயில் படிந்த மலைச்சரிவு மாலையில் மழைமூட்டம் கொள்ளும். ஒரு திங்கள் கழிந்தால் அம்மலையே கடலாகியிருக்கும். இதனைப் பயன்படுத்துவோர் ‘படம் தானே மாறுகிறது’ என்பர்.

‘தானே மாறுகிறது’ என்னும் இத்தொடர் எளிய வழக்கே. ஆயினும், ஒரு வினையைச் செய்தவர் யார் என்னும் வினா அத்தொடருள் மறைந்து நிற்கிறது. வினைமுதலை மறைத்துக் கூறும் வழக்கினைத் தமிழ் இலக்கண மரபு நுட்பமாகக் கண்டு கூறியுள்ளது. அம்மரபின் துணைகொண்டு, தானே மாறும் திரையோவியத்தில் வினைமுதல் யார், அவர்க்கு உரிய கடப்பாடு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மாறும் திரையோவியத்தின் முன்வரலாறு

கணினித்திரையில் மாறிக்கொண்டேயிருக்கும் ஓவியம் செயற்கை நுண்ணறிவின் அண்மைக்கால வளர்ச்சியால் மட்டும் தோன்றியதன்று. 1966ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியில் பிற கலைஞர்களோடு பிரிட்டன் சார்பில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த ஹெரால்டு கோஹன், 1970களின் தொடக்கத்தில் ‘ஆரன்’ என்னும் வரைநிரலை ஆக்கத் தொடங்கினார். 2016இல் மறையும் வரை அவர் அதனைத் திருத்திவந்தார். கோடு எங்ஙனம் தொடங்க வேண்டும், மனித உடலில் கை எவ்வாறு பொருந்தும், செடியின் கிளை எவ்வாறு பிரியும் என்னும் அறிவை அவர் விதிகளாக எழுதினார். 2001இல் ரே கர்ஸ்வைல் வாயிலாக ஆரன் திரைக்காப்பு மென்பொருளாகவும் வெளிவந்தது. வேலையற்றிருக்கும் கணினித்திரையில் அது ஓவியங்களைத் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தது.

கார்ல் சிம்ஸ் 1997இல் டோக்கியோவில் அமைத்த ‘கலாபகோஸ்’ வேறு நெறியினது. பன்னிரு திரைகளில் உருவங்கள் தோன்றும். பார்வையாளர் தமக்கு விருப்பமான உருவத்தின் முன் சென்று நிற்பர். அவ்வுருவம் நிலைபெற, அதன் வழித்தோன்றல்கள் ஏனைய திரைகளில் தோன்றும். ஸ்காட் டிரேவ்ஸ் 1999இல் தொடங்கிய ‘எலெக்ட்ரிக் ஷீப்’ இந்நெறியை இணையத்தால் பிணைந்த கணினிகளுக்கு விரித்தது. பயனர் விருப்பு வாக்குப் பெற்ற உருவங்கள் நெடிது வாழ்ந்து பெருகின.

இம்மூன்றிலும் வினைமுதலை அறிதல் கடினமன்று. ஆரனின் ஒவ்வொரு கோட்டின் பின்னும் கோஹன் எழுதிய விதி உண்டு. ஏனைய இரண்டில் நிரல் ஆக்கியவர் ஒருவர். தெரிவு செய்தவர் பார்வையாளர். பிறர் வரைந்த ஓவியம் எதுவும் இவற்றுக்கு மூலப்பொருளாக வேண்டியிருக்கவில்லை.

3. இன்றைய முறையின் இயல்பு

இன்றைய படமாக்க மென்பொருள்கள் பெரும்பாலும் டிஃப்யூஷன் எனப்படும் முறையால் இயங்குவன. பயிற்சியின்போது ஒரு படத்தின்மேல் சிறிது சிறிதாக இரைச்சற்புள்ளிகள் சேர்க்கப்பட்டுப் படம் சிதைக்கப்படும். சிதைந்ததிலிருந்து இரைச்சலை நீக்கும் வழியைக் கணினி கற்கும். இங்ஙனம் கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயின்றபின், வெறும் இரைச்சலையே கொடுத்தாலும் சொற்குறிப்பிற்கேற்ற படமொன்றை அது வெளிக்கொணரும். தொடக்க இரைச்சலை உறுதிசெய்வது விதையெண் எனப்படும். மென்பொருள், அமைப்புகள், குறிப்பு, விதையெண் ஆகியன மாறாதிருப்பின் படமும் பெரும்பாலும் மாறாது.

மாறும் பின்னணியை அமைப்போர் இவ்வியல்பைப் பயன்கொள்கின்றனர். நேற்றைய படத்தின்மேல் ஓரளவு இரைச்சலைச் சேர்த்து இன்றைய குறிப்புடன் மீண்டும் செலுத்துவர். சேர்க்கும் இரைச்சல் குறைவாயின் பழைய படம் நிறமும் ஒளியும் மட்டும் மாறி வரும். மிகுதியாயின் பழைய படத்தின் சுவடே எஞ்சாது. பருவம், பொழுது, வானிலை ஆகியவற்றைக் குறிப்பில் தானாகச் சேர்க்கும் சிறுநிரலையும் இணைத்துவிட்டால், அமைத்தவர் மறந்துவிட்டாலும் படம் மாறிக்கொண்டேயிருக்கும்.

இம்முறைக்கு மூலமாக அமைவன பிறர் ஆக்கிய படங்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2022 ஆகஸ்டில் பொதுப்பயனுக்கு வெளியிடப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயான்-5பி என்னும் தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. அத்தொகுப்பு ஏறத்தாழ 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகளையும் அவற்றுக்குரிய விளக்கச் சொற்களையும் கொண்டது. அவ்விளக்கங்கள் இணையப் பக்கங்களில் படத்திற்கு மாற்றாக எழுதப்பட்ட சொற்களிலிருந்து பெறப்பட்டவை. படம் திரையில் தோன்றாதபோதும், பார்வையற்றோர் திரைபடிப்பான் வழிக் கேட்டறியும்போதும் பயன்படுதற்கென அமைந்தவை அச்சொற்கள். கண் காணாதார்க்கு உதவ எழுதப்பட்ட சொற்களே இன்று பொறிக்குக் காட்சியைக் கற்பித்துள்ளன. எழுதியவர் எவரும் இதனை எண்ணி எழுதினாரல்லர்.

4. தமிழ் இலக்கண மரபில் வினைமுதல்

தொல்காப்பியர் ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகளை எட்டெனத் தொகுத்துள்ளார். வினை, வினை செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயனாக என்பன அவை. இவற்றுள் சில வழக்கில் குறைந்து வருதலையும் அவர் உடன்பட்டுள்ளார். சொல்லில் குறைவது பொருளில் இல்லாமை ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் வழக்கும் வினையியலில் இடம்பெற்றுள்ளது. இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’ என்பதாகும். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகியவர் ஒருவர் உளர். அவரைக் கூறாது விடுத்துத் திண்ணையே வினைமுதல்போலக் கூறுவது வழக்கு. கேட்போர் மெழுகியவர் இருப்பதை அறிவராதலின் அவ்வழக்கில் பிழையில்லை.

‘பின்னணிப் படம் தானே மாறுகிறது’ என்பதும் இவ்வகைத் தொடரே. ஆயின் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. திண்ணையை மெழுகியவர் வீட்டில் உள்ளவர், கேட்டால் காட்டலாம். திரையோவியத்தில் மெழுகியவர் யாரெனக் கேட்பின் காட்டுதற்கு ஒருவரும் முன்னிற்பதில்லை. இலக்கணத்தில் குறையாக நின்றது இங்கு மறதியாக மாறிவிடும் அச்சம் உள்ளது.

கருத்தாவை இயற்றுதற்கருத்தா, ஏவுதற்கருத்தா எனப் பகுப்பதும் மரபு. தச்சனால் ஆகிய கோயில் என்புழித் தச்சன் இயற்றுபவன். அரசனால் ஆகிய கோயில் என்புழி அரசன் ஏவுபவன். திரைப்பின்னணியை அமைப்பவர் கோடு கிழிப்பதில்லை. வண்ணம் தேர்வதும் அரிது. சொல்லால் ஏவுகிறார். எனவே அவர் ஏவுதற்கருத்தா என்பதில் ஐயமில்லை. பொறி கருவியாகும். அவ்வாறாயின் இயற்றுதற்கருத்தாவின் இடம் வெற்றிடமோ என்பதே எஞ்சும் வினா.

5. சட்டம் கூறும் விடையும் அதன் எல்லையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. கணினியால் உருவாக்கப்படும் படைப்பிற்கு, அப்படைப்பு உருவாகக் காரணமாக இருந்தவரே ஆக்கியோர் என 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. இலக்கணச் சொல்லாற் கூறின், இச்சட்டம் ஏவுதற்கருத்தாவையே கருத்தாவாகக் கொண்டது எனலாம்.

அமெரிக்க நாட்டு முடிபுகள் இதனின் வேறுபட்டன. 2023 பிப்ரவரியில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி மென்பொருளால் ஆக்கிய படங்கள் கொண்ட சித்திரக்கதை நூல் ஒன்றில், எழுத்துப் பகுதிக்கும் படங்களைத் தெரிந்து வரிசைப்படுத்திய முறைக்கும் உரிமை உண்டு. தனித்தனிப் படங்களுக்கு இல்லை என முடிவு செய்தது. மனித ஆக்கியோர் இன்றிப் பதிப்புரிமை இல்லை என 2023 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அளித்த தீர்ப்பை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஏவுதல் மட்டும் போதாது, தெரிதலும் அமைத்தலும் வேண்டும் என்பது இவற்றின் உட்கிடை.

இவ்விருவகை முடிபுகளும் ‘உரிமை யாருக்கு’ என்னும் வினாவிற்கே விடை தருகின்றன. ‘கடன் யாருக்கு’ என்பது வேறு வினா. தன் வீட்டுத் திரையில் தான் மட்டும் காணும் படத்திற்கு உரிமை கோருவோர் இலர். ஆயினும் அப்படத்தைக் காண்பவர் யாருக்கேனும் கடன்பட்டிருக்கிறாரா என்னும் வினா அவர் தனித்திருக்கும்போதும் நீங்குவதில்லை.

6. பெயர் பொறித்தலும் பெயர் அழிதலும்

ஏவுதற்கருத்தா இயற்றியவரை மறைக்க வேண்டுவதில்லை என்பதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயில் சான்றாகும். அரசன் எடுப்பித்த அக்கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. ஏவியவன் புகழ் இயற்றியவன் பெயரால் குறைந்துவிடவில்லை.

இதற்கு மறுதலையான நிலையினை மிதிலை ஓவியத்தின் வரலாறு தெளிவுபடுத்தும். பீகாரின் மதுபனிப் பகுதியில் பெண்கள் திருமணம் முதலிய நிகழ்வுகளின்போது வீட்டுச் சுவரில் வரைந்துவந்த ஓவியம் அது. நிகழ்வுதோறும் புதுப்பிக்கப்படுவது, வரைந்தவர் பெயர் சுவரில் இராது, ஆயின் அவ்வூரார் அறிவர். 1966-67ஆம் ஆண்டுகளில் பீகாரில் நேர்ந்த கடும் வறட்சியின்போது, அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் அப்பெண்கள் தாளில் வரைந்து விற்கலாயினர். சுவரிலிருந்து தாளுக்கு வந்ததும் வரைந்தவர்க்குப் பெயர் கிட்டியது. சீதா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி ஆகியோர் தனித்தனிக் கலைஞராக அறியப்பட்டனர்.

இன்று ஒருவர் ‘மதுபனிப் பாணியில் மழைநாள் நகரம்’ என ஏவினால் சில நொடிகளில் படம் தோன்றும். மீன்கண்களும் இரட்டைக்கோடுகளும் நெருங்கிய நிறைப்பும் அதில் இருக்கும். பெயர் மட்டும் இராது. தாளால் கிடைத்த பெயர் திரையில் மீண்டும் பாணியாகக் கரைந்துவிடுகிறது. முன்பு பெயரின்றி நின்றபோது அறிந்த ஊரேனும் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

தனிக்கலைஞர்க்கும் இந்நிலை நேர்ந்துள்ளது. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் 2022ஆம் ஆண்டில் படமாக்கக் குறிப்புகளில் பெரிதும் வழங்கப்பட்டது. அவர் தம் கவலையை வெளிப்படையாகத் தெரிவித்தார். அவர் பெயரே அவர் ஓவியத்திற்கு மாற்றைத் தருவிக்கும் ஏவற்சொல்லாக மாறியது. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர் இத்தகு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர்.

எனவே இயற்றுதற்கருத்தாவின் இடம் வெற்றிடமன்று. அளவிறந்தோர் நெருங்கி நிற்றலின் ஒருவரும் தனித்துப் புலனாகாத இடம் அது.

7. காண்போர் நிலை

தொல்காப்பியர் கூறும் முதனிலைகளுள் இறுதியன இரண்டு, ‘இன்னதற்கு’, ‘இது பயனாக’ என்பன. மாறும் திரையோவியம் யாருக்காக, என்ன பயன் கருதி மாறுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். பயனாகக் கூறப்படுவது சலிப்பின்மை. ஒரே படத்தை நாளும் கண்டு சலிப்பவர்க்குப் புதியது வேண்டும் என்பது கருத்து.

இதனோடு நெடுநல்வாடையில் வரும் காட்சியை ஒப்பிடலாம். பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்த அரசி கட்டிலில் இருந்தவாறு மேற்கட்டியில் தீட்டப்பட்ட ஓவியத்தைக் காண்கிறாள். அதில் திங்களும் அதனைப் பிரியாத உரோகிணியும் உள்ளன. கண்டு பெருமூச்செறிகிறாள். அவ்வோவியம் அன்று புதிதாகத் தோன்றியதன்று. அரசன் உடனிருந்த நாளிலும் அது அங்கேயே இருந்திருக்கும். மாறியது ஓவியமன்று, காண்பவள் நிலை. மாறாத ஓவியமே அவள் மாற்றத்தை அவளுக்கு உணர்த்திற்று. அவள் துயருக்கேற்ப மேற்கட்டி தானே மாறியிருந்தால் அந்தப் பெருமூச்சுக்கு இடமிருந்திராது.

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. காண்போர் இது யார், அது யார் என வினவ, அறிந்தோர் சுட்டி விளக்குகின்றனர். பலர்க்கும் பொதுவாய் நிலைத்து நிற்பதனால் அங்கு ஓவியம் உரையாடலுக்கு இடமாகிறது. ஒருவர்க்கு மட்டும் தோன்றி மறுநாள் மறையும் படத்தைச் சுட்டி வினவ எவரும் இலர். அவ்வகையில் சொனோமாவின் புல்மேடு கூடப் பலர் நினைவிற்குப் பொதுவாய் நின்றது.

இதனால் மாற்றமே குறை என்று கொள்ளற்க. தமிழ்நாட்டு வாயில்களில் நாளும் இட்டு நாளும் அழியும் கோலம் மாற்றத்தையே இயல்பாக உடையது. விதிவழி அமைதலும் குறையன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலத்தின் அமைப்பைக் கணினியியல் நோக்கில் வரிசை இலக்கணங்களாக 1974இலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். புள்ளியும் வரிசையும் விதியும் கொண்ட கோலத்தைப் பொறியும் வரையலாம். வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. கோலம் அழியும்போது இட்டவர் கையில் பயிற்சி எஞ்சுகிறது. நாளைய கோலம் அப்பயிற்சியிலிருந்து பிறக்கிறது. தானே மாறும் திரையில் படம் அழியும்போது காண்பவரிடம் எஞ்சுவது யாது என்பதே வினா. கண்டு நின்றிருந்தால் ஏதோ எஞ்சும். காணாமலே மாறிவிட்டிருந்தால் எதுவும் எஞ்சாது.

8. மறுப்புகளும் விடைகளும்

இங்குக் கூறியவற்றிற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். எல்லா ஓவியரும் முன்னோர் ஓவியங்களைக் கண்டே கற்றனர். பொறியும் அவ்வாறே கற்கிறது என்பது ஒன்று. கற்றலின் ஒப்புமை ஓரளவு உண்மையே. ஆயினும் மாணவர் ஆசிரியரின் பெயரைத் தாங்குகிறார். காலப்போக்கில் தாமும் ஆசிரியராகிப் பிறர்க்குக் கொடுக்கிறார். பெறுதலும் கொடுத்தலும் ஒரு தொடராக அமைகின்றன. ஏவற்சொல்லால் பாணியைப் பெறுபவர் அத்தொடரில் நிற்பதில்லை. கற்றது பொறி, துய்ப்பவர் அவர், கொடுத்தவர் வேறொருவர் என மூன்றாகப் பிரிந்துவிட்ட இடத்தில் நன்றியைத் தாங்குவார் இல்லை.

தனியொருவர் தம் திரையில் காண்பதால் எவர்க்கும் இழப்பில்லை என்பது மற்றொன்று. இழப்பு அளவிற் சிறிதாதல் கூடும். ஆயினும் கடன் என்பது இழப்பைக் கொண்டு மட்டும் அளக்கப்படுவதன்று. மெழுகிய திண்ணையில் அமர்பவரால் மெழுகியவர்க்கு இழப்பு ஒன்றுமில்லை. எனினும் மெழுகியவர் ஒருவர் உளர் என எண்ணாது அமர்தல் குறையே.

இதற்கு மாற்றுவழி இல்லாமல் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பொதுவுரிமையிலுள்ள 3,75,000 படங்களை 2017 பிப்ரவரியில் தடையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இத்தகைய படங்களைத் தொடக்கமாகக் கொண்டு, மூலக் கலைஞர் பெயரைத் திரையின் ஓரத்தில் நிறுத்தி மாற்றத்தை அமைக்கலாம். தம் சன்னல் வழியே தாமே எடுத்த ஒளிப்படத்தையோ தம் கையால் வரைந்த கோட்டையோ விதையாக இடலாம். வாழும் ஓவியர் பெயரை ஏவற்சொல்லாக்காமல் விடலாம். இவற்றால் பயிற்சித் தொகுப்பின் பழைய கடன் முற்றும் தீர்ந்துவிடாது. ஆயினும் கடன் உண்டு என்னும் உணர்வு நாள்தோறும் கண்முன் நிற்கும்.

9. முடிவுரை

தானே மாறும் திரையோவியம் என்பது, செயப்படுபொருளை வினைமுதலாகக் கூறும் வழக்கின் இன்றைய வடிவம். அதில் அமைப்பவர் ஏவுதற்கருத்தா, பொறி கருவி, இயற்றுதற்கருத்தாவின் இடத்தில் பெயரறியப்படாத பல்லாயிரவர் உளர். சட்டம் உரிமையை வகுக்கும். கடனை உணர்தல் ஏவியவர் பொறுப்பாகும். அக்கடன் இருவகைத்து. இயற்றியோரை மறவாமை ஒன்று. வந்த படத்தைக் கண்டு நிற்றல் மற்றொன்று. காணப்படாமலே மாறும் படம் இயற்றியோரின் உழைப்பையும் வீணாக்கும்; காண்போரின் கண்ணையும் பழுதாக்கும்.

மாற்றத்தை ஏவத் தெரிந்தவர்க்கு அதனை நிறுத்தவும் தெரிதல் வேண்டும். ஒரு படத்தைப் பல நாள் நிறுத்திவைப்பவர்க்கு, அரசியின் மேற்கட்டிபோல, அது தம் மாற்றத்தைத் தமக்கு உணர்த்தக்கூடும். அந்நிலையிலேயே அப்படத்தை மெழுகியவர் யார் என்னும் வினாவும் எழும். வழக்கில் வினைமுதல் குறைந்து வரலாம். அறத்தில் குறைதல் ஆகாது.